நடு நெற்றிக் கோடு

அன்று காலை பட்டறையில் இருந்தவர்கள்: அண்ணன், தம்பி, இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரைப் பிடிக்கும் மௌனம், மாடிப்படிக் கைப்பிடிக்கு அவசரப்படுத்த வந்த கான்ட்ராக்டர். அண்ணனும் தம்பியும் பட்டறையின் சொந்தக்காரர்கள். மௌனம் வாயை மூடவே மாட்டார், அதனால்தான் அந்தப் பெயர். நான்கு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். வெல்டிங் பட்டறைகளிலேயே காலம் தள்ளியவர்கள். அண்ணனின் இடது கண் சிவந்து, வீங்கி, நீராய் வடிந்துகொண்டிருந்தது. அண்ணன் உட்பட நான்கு பேரும் அதற்கு ஒரே காரணத்தைச் சொன்னார்கள். அது தப்பு.

"ஆர்க் அடிச்சிருச்சு" என்றான் தம்பி.

"அதேதான்" என்றார் அண்ணன்.

வெல்டிங் வெளிச்சத்தைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு நொடி பார்த்தால் போதும். அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் இருக்கும். வெளிச்சம் பட்டால் உயிர் போகும். இருட்டறையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்தால் ஒன்றிரண்டு நாளில் தானாக வடிந்துவிடும். இதைத்தான் ஆர்க் அடித்தது என்பார்கள். இந்தத் தொழிலில் அடிபடாதவர் கிடையாது. அதற்காக டாக்டரிடம் போனவரும் கிடையாது. போனால் ஆயுசுக்கும் அதைச் சொல்லியே சிரிப்பார்கள்.

"ஒரு கண்ணுல மட்டும் அடிக்குமா?" என்று கான்ட்ராக்டர் கேட்டார். அவருக்கு அண்ணனின் கண்ணைப் பற்றி அக்கறை இல்லை, கைப்பிடியைப் பற்றித்தான்.

"பக்கவாட்டுல இருந்து பட்டா ஒரு கண்ணுலதான் அடிக்கும். நேத்து நான் இவருக்கு இடது பக்கம் நின்னு இரும்பை அங்கங்க பொட்டா ஒட்டி டேக் வெச்சேன்ல" என்றான் தம்பி.

சரியாகத்தான் பட்டது. அதற்கு முந்தைய நாட்களிலேயே அண்ணனுக்கு உச்சந்தலையின் இடது பாதி காந்தியது. சீப்பு பட்டால்கூட எரிந்தது. வெல்டிங் ஹெல்மெட்டின் உள்பட்டை இறுக்கம் என்று சொல்லி அதைத் தளர்த்திக்கொண்டார்.

"பட்டை இறுகல அண்ணே, உங்களுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு" என்று மௌனம் சொல்ல, அண்ணனும் சேர்ந்து சிரித்தார். பிறகு நெற்றியில் சிவப்பாக நாலைந்து இடத்தில் தடித்தது. தளர்ந்த ஹெல்மெட்டுக்குள் பொறி புகுந்துவிட்டது என்றார்கள். தலை எரிச்சலுக்கு ஹெல்மெட், தடிப்புக்குப் பொறி, கண்ணுக்கு ஆர்க். ஒவ்வொன்றுக்கும் கையோடு ஒரு காரணம் இருந்தது. மூன்றும் ஒன்றுதான் என்று யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் பட்டறையின் பின்னறையில் கட்டிலில் படுத்தார். தம்பி ஜன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டான். மௌனம் உருளைக்கிழங்கைச் சீவிக் கண்ணின் மேல் வைத்தார். கான்ட்ராக்டர் வாசல்வரை போய்த் திரும்பி, "கைப்பிடி லேட்டாகாதுல்ல?" என்றார்.

"நீங்க போய்ட்டு வாங்க. ஒரு கண்ணு போனா இன்னொரு கண்ணு இருக்கு" என்று உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்.

அன்றைக்கு அது வெறும் பேச்சு.

சாயங்காலம் அண்ணி வந்து பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்றாள். அண்ணன் பேசும் நிலையில் இல்லை. வலி கண்ணில் மட்டும் இல்லாமல் காதோரம்வரை மின்னல் மாதிரி வெட்டி வெட்டி இழுத்தது. தம்பிதான் பதில் சொன்னான்.

"அண்ணி, இது எங்க தொழில்ல சகஜம். டாக்டருக்கு என்ன தெரியும்? அவங்க ராடைக் கையில பிடிச்சிருக்காங்களா? நாளன்னிக்கு எழுந்து உட்கார்ந்திருவாரு, பாருங்க."

அண்ணி பட்டறை விஷயத்தில் தலையிடுவதில்லை. அந்த ஒரு தடவை தலையிட்டிருக்கலாம் என்று பின்னால் அவளே சொன்னாள், யாரும் கேட்காமல்.

மறுநாள் அண்ணனின் இமை ஒட்டிப்போய்த் திறக்கவில்லை. நெற்றித் தடிப்புகள் நீர் கோத்துக் கொப்புளமாகின. சூட்டுக்காயம் கொப்புளிக்காமல் என்ன செய்யும் என்றான் தம்பி. மௌனத்தை இரும்பைப் பிடிக்கச் சொல்லி அவன் கைப்பிடியை ஒட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பட்டறையில் வேலை நடக்கும் முறையே அதுதான்: ஒருவர் இரும்பைப் பிடிக்க வேண்டும், மற்றவர் டேக் வைக்க வேண்டும். அண்ணன் பிடித்தால் தம்பி வைப்பான், தம்பி பிடித்தால் அண்ணன் வைப்பார். அவர்களுக்கு வாய்ச்சொல் தேவையில்லை. மௌனம் பிடித்தால் பேசிக்கொண்டே பிடிப்பார், இரும்பு நகர்ந்துவிடும். தம்பிக்கு எரிச்சல் மேல் எரிச்சல். பின்னறையை எட்டிப்பார்க்க நேரம் இல்லை.

அதற்கடுத்த நாள் காலையில் அண்ணி சாக்கை இழுத்துக் கீழே போட்டுவிட்டு, வெளிச்சத்தில் அண்ணனின் முகத்தை ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்த கை பாதியில் நின்றது.

"தம்பி, இங்க வாங்க."

"கையில வேலை இருக்கு அண்ணி."

"வேலையைக் கீழ போட்டுட்டு வாங்க!"

அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. தம்பி ஓடி வந்தான்.

அண்ணனின் நெற்றியில் கொப்புளங்கள் கொத்துக்கொத்தாக இருந்தன. முடிக்குள்ளிருந்து இறங்கி, புருவத்தில் பரவி, இமையை மூடி, மூக்கு நுனியில் ஒரு பெரிய கொப்புளத்தோடு நின்றன. எல்லாம் இடது பக்கம். நடு நெற்றியில் சாக்பீஸ் பிடித்துக் கோடு போட்ட மாதிரி நின்றுவிட்டிருந்தன. கோட்டுக்கு வலப்பக்கம் தோல் சுத்தமாக இருந்தது.

"பொறி பட்டா இப்படித்தான் படுமா?" என்று அண்ணி கேட்டாள்.

தம்பிக்குப் பொறியைத் தெரியும். பொறி கோடு பார்த்து விழாது. சட்டைக்குள் விழும், செருப்புக்குள் விழும், பக்கத்தில் நிற்பவன் டீயில் விழும்.

"இது அக்கி. ஊசி போட்ட அன்னிக்கு அந்த நர்ஸ் சொன்னா. உடம்புல ஒரு பக்கமாத்தான் வரும், நடுவுல தாண்டாதுன்னு. முகத்துல வந்தா ஓடி வாங்கன்னு சொன்னா. எனக்கு இப்பதான் உறைக்குது."

ஊசி விஷயம் இதுதான். மழைக்கு முன்னால் அண்ணியும் அவர்கள் இரண்டு பேரும் ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது, ஐம்பது வயதுக்கு மேல் அக்கிக்குத் தடுப்பூசி உண்டு, சில மாத இடைவெளியில் இரண்டு தவணை, மூன்று பேருமே போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அண்ணி இரண்டு தவணையும் போட்டுக்கொண்டாள். கை வலித்தது, ஒரு நாள் குளிர்க்காய்ச்சல், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள், மறுநாள் எழுந்து துணி துவைத்தாள். அண்ணனும் தம்பியும் போகவில்லை. அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தால் தம்பிக்குப் பிடிக்க ஆள் இல்லை. தம்பிக்கு வந்தால் அண்ணன் சும்மா நிற்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நாளில் போனால் பட்டறையைப் பூட்ட வேண்டும். ஒரு தடவை அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். "இந்த கேட்டு வேலை முடியட்டும் அண்ணே" என்றான் தம்பி. கேட்டு முடிந்ததும் ஒரு ஜன்னல் வந்தது. ஜன்னலுக்குப் பிறகு கைப்பிடி.

டாக்டரம்மாவின் அறையில் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அண்ணி பக்கத்தில் நின்றாள், தம்பி சுவரோடு ஒட்டி நின்றான். டாக்டரம்மா முதலில் மூக்கு நுனிக் கொப்புளத்தைப் பார்த்தார். பார்த்ததுமே கண் டாக்டருக்கு ஃபோன் போட்டார். ஃபோனை வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்புதான் போகுது. இங்க வந்தா அங்கயும் போயிருக்கும்னு அர்த்தம். தடிப்பு வந்து எத்தனை நாளாச்சு?"

தம்பி விரலை மடக்கிப் பார்த்தான். "நாலு நாள் இருக்கும்."

"நாலு நாளா என்ன பண்ணீங்க?"

தம்பி மடக்கிய விரல்களை நிமிர்த்திக்கொண்டான். அண்ணி அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"வைரஸுக்கு மாத்திரை இருக்கு. தடிப்பு வந்து மூணு நாளைக்குள்ள ஆரம்பிச்சா நல்லா கேக்கும். இப்பவும் குடுக்கப்போறேன், குடுத்தே ஆகணும். ஆனா கண்ணைப் பத்தி என்னால உறுதி சொல்ல முடியாது. சின்ன வயசுல உங்களுக்குச் சின்னம்மை போட்டிருந்ததா?"

"ரெண்டு பேருக்கும் போட்டுச்சு" என்றார் அண்ணன். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "பள்ளிக்கூடத்துல இருந்து இவன்தான் வாங்கிட்டு வந்தான். பென்சிலைத் தரமாட்டான், அம்மையைத் தந்தான்."

"அந்த அம்மை உடம்பை விட்டுப் போகல. கொப்புளம் காஞ்சதும் வைரஸ் நரம்போட வேருக்குள்ள போய்ப் படுத்துக்கும். சத்தமே இல்லாம பல வருஷம் படுத்திருக்கும். வயசாகி எதிர்ப்புச் சக்தி குறைஞ்சா, இல்ல உடம்பு ரொம்பத் தளர்ந்தா, சிலருக்கு எழுந்திரிக்கும். எந்த நரம்புல படுத்திருந்ததோ அந்த நரம்பு போற வழியில மட்டும் வரும். அதனாலதான் பாதி நெத்தியோட நின்னிருக்கு. நீங்க எதுவும் தப்பா சாப்பிடல, யாரும் சாபம் விடல."

"பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஒட்டிக்குமா?" என்று தம்பி கேட்டான்.

"அக்கி ஒட்டாது. ஆனா இதுவரைக்கும் அம்மையே வராதவங்க மேல இந்தக் கொப்புளத்து நீர் பட்டா, அவங்களுக்கு அம்மை வரும். காயற வரைக்கும் கைக்குழந்தை, கர்ப்பமான பொண்ணுங்க யாரையும் கிட்ட விடாதீங்க." அவர் எழுதுவதை நிறுத்தித் தம்பியைப் பார்த்தார். "உங்களுக்கும் அதே அம்மைதானே? அப்ப உங்க நரம்புலயும் அது படுத்திருக்கு. ஊசி போட்டீங்களா?"

"இல்ல."

"போடுங்க" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தம்பிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கண்ணுக்கு வருகிறேன். கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டி உதிர்ந்தன. கருவிழியில் தழும்பு விழுந்தது. கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், வேறு சொட்டு மருந்து கொடுத்தார், கடைசியில் இனி உள்ளதைக் காப்பாற்றுவோம் என்றார். உள்ளது என்பது ஒரு வெளிச்சம், அதில் அசையும் ஒரு நிழல். எண்ணெய்த்தாள் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று அண்ணன் அண்ணியிடம் சொன்னார். மற்றவர்களிடம் அதையும் சொல்லவில்லை.

பார்வை போனதைவிட வலி போகாததுதான் அவரை உருக்குலைத்தது. புண் ஆறிய இடத்தில் வலி தங்கிவிட்டது. நரம்பே காயப்பட்டிருக்கிறது, சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும் என்றார்கள். மின்விசிறிக் காற்று பட்டால் எரிந்தது. தலையணை பட்டால் எரிந்தது. இடது பக்கம் தலைவாரவில்லை. அந்தப் பக்கத்து முடி மட்டும் சிலிர்த்துக்கொண்டு நின்றது. ஹெல்மெட்டை எடுத்துத் தலைவரை கொண்டுபோனார், பட்டை நெற்றியைத் தொடுவதற்கு முன்பே நிறுத்தினார். கீழே வைத்துவிட்டார். மறுபடி எடுக்கவில்லை.

ஆனாலும் தினமும் பட்டறைக்கு வந்தார். அளவெடுக்கிறேன் என்பார். ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாது. டேப்பின் நுனியை இரும்பில் கொக்கி போடப் போய்க் காற்றில் போடுவார். மௌனம் ஒன்றும் தெரியாதவர்போல் நுனியைப் பிடித்துக் கொக்கி மாட்டுவார். அதைப் பற்றி மட்டும் மௌனம் வாயே திறந்ததில்லை.

தம்பி எப்போதும் அண்ணனுக்கு இடது பக்கமே நின்றான். பேசினாலும் அங்கிருந்தே பேசினான். அந்தப் பக்கம் நின்றால் அண்ணன் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. அண்ணன் திரும்பினால் இவனும் சுற்றிக்கொண்டு நகர்ந்தான். கேட்ட கேள்விக்குப் பதில், கொடுத்த வேலைக்குத் தலையாட்டல், அவ்வளவுதான். இருவருக்கும் நடுவில் ஒரு வார்த்தை கிடந்தது, இரண்டு பேரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தார்கள்.

ஊசிக்கு அண்ணி மூன்று தடவை நாள் குறித்துக் கொடுத்தாள். மூன்று தடவையும் தம்பி போகவில்லை. ஒரு நாள் இரும்பு லோடு வரும் என்றான். ஒரு நாள் வயிறு சரியில்லை என்றான். மூன்றாவது தடவை காரணம்கூடச் சொல்லவில்லை. நான்காவதாகக் குறித்த நாள் வந்தது.

அன்று காலை மௌனம் கிரைண்டரைத் தொடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"வேலை செய்யலியா?" என்று தம்பி கேட்டான்.

"நேத்து ஊசி போட்டுக்கிட்டேன் சின்னவரே. கையைத் தூக்க முடியல. அதனால இன்னிக்கு வாயால மட்டும்தான் வேலை."

"என்னிக்கும் அப்படித்தானே."

"நர்ஸு குத்தறதுக்கு முன்னாடியே நான் கத்திட்டேன். பக்கத்துல இருந்த பாட்டி எனக்கு மிட்டாய் குடுத்தாங்க."

அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து தம்பியின் எதிரில் வந்து நின்றார். தம்பி இடது பக்கமாக நகர்ந்தான். அண்ணன் அவன் தோளைப் பிடித்து வலது பக்கத்துக்கு இழுத்தார்.

"இங்க நில்லு. மூஞ்சி தெரியணும். இன்னிக்குப் போறியா?"

"இந்தப் படிக்கட்டை முடிச்சிட்டு…"

"படிக்கட்டு எங்கயும் ஏறிப் போயிடாது. போறியா, மாட்டியா?"

தம்பி தரையைப் பார்த்தான். தரையில் இரும்புத்தூளைத் தவிர ஒன்றும் இல்லை.

"எனக்கு வேணாம் அண்ணே."

"ஏன்?"

"உங்க கண்ணைப் போக்கிட்டு, நான் போய் என் கண்ணுக்குப் பாதுகாப்பு தேடிக்கணுமா? ஆர்க்னு சொன்னது நான். அண்ணி கூப்பிட்டப்ப வேணாம்னு சொன்னது நான். அதுக்கு முன்னாடி ஊசிக்குக் கிளம்பினவரை நிறுத்தினதும் நான்தான். எனக்கும் வரட்டும். வந்தா சரியாப் போச்சு."

மௌனம் பெஞ்சிலிருந்து எழுந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

வலி வெட்டியிருக்க வேண்டும், அண்ணனின் இடது புருவம் ஒரு முறை துடித்தது. அது அடங்கும்வரை பொறுத்தார்.

"ஆர்க்னு நீ மட்டுமா சொன்னே? அதேதான்னு நான் சொல்லல? என் கண்ணுடா அது. என் மண்டைக்குள்ள எரிஞ்சுது. ஆர்க் எப்படி எரியும்னு எனக்குத் தெரியும், இது அப்படி எரியலன்னும் தெரிஞ்சுது. கேலி பண்ணுவீங்கன்னு வாயை மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன். ஊசிக்குக் கிளம்பினேன், நீ நில்லுன்னே, நின்னுட்டேன். உன்னை மீறிப் போக எனக்குக் கால் இல்லையா?"

"அண்ணே…"

"பேசாத. பட்டறையில பாதி உனக்கு. தப்புலயும் பாதி உனக்கு. அதுக்கு மேல ஒரு துண்டுகூடத் தரமாட்டேன். முழுசையும் நீயே எடுத்துக்கலாம்னு பாக்குறியா?"

தம்பி மறுபடி இடது பக்கம் நகரப் பார்த்தான். அண்ணன் விடவில்லை.

"உனக்கும் வந்தா சரியாப் போச்சா? யாருக்குச் சரியாப் போச்சு? எனக்குக் கண்ணு திரும்பி வருமா? காலையில ரெண்டு கிழவன்களும் ஆளுக்கொரு பக்கம் தடவிக்கிட்டு வருவோமா பட்டறைக்கு? அப்புறம் டேக் யாரு வைப்பா? இவரா?"

"நான் வெச்சா கேட்டு திறக்காது அண்ணே" என்றார் மௌனம். "மூடவும் மூடாது."

"புண்ணு ஆறினதும் எனக்கே ஊசி போட்டுவிட்டாங்க, தெரியுமா உனக்கு? வந்தவனுக்கே திரும்பி வரலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஊசி போட்டா வரவே வராதான்னு கேட்டேன். அப்படி எழுதித் தர முடியாது, ஆனா ரொம்பப் பேருக்கு வராது, வந்தாலும் இந்த அளவுக்கு வாட்டாதுன்னாங்க. போய் உட்கார்ந்து கையை நீட்டினேன். வெக்கப்படல. நீ என்னத்துக்கு வெக்கப்படுறே?"

"வெக்கம் இல்ல அண்ணே."

"பின்ன?"

"நீங்க ஒரு வார்த்தைகூட என்னைத் திட்டல."

"இப்பத் திட்டுறேன்ல. போதுமா? முட்டாப்பய. போ."

தம்பி அசையவில்லை. கையில் ராடு பிடிக்கும் கவ்வி இருந்தது. அண்ணன் எட்டி அதைப் பிடுங்கப் போனார், தூரம் தப்பிக் கை காற்றில் போனது. இரண்டாவது முறை பிடித்துவிட்டார். கவ்வியைப் பெஞ்சின் மேல் போட்டார். மெஷினை அணைத்தார். பிறகு தம்பியின் முதுகில் உள்ளங்கையை வைத்து வாசலை நோக்கித் தள்ளினார். ஐம்பது வயது கடந்த ஒருவனை அறுபதை நெருங்கும் ஒருவர் தள்ளிக்கொண்டு போவது பார்க்க நன்றாக இல்லை. தம்பி எதிர்க்கவில்லை. நடக்கவும் இல்லை, தள்ளிய அளவுக்குப் போனான்.

வாசலில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிழலுக்குள் பின்வாங்கினார்.

"ரெண்டாவது தவணைக்கு என்னிக்கு வரணும்னு கேட்டுட்டு வா. காய்ச்சல் வந்தா நாளைக்கு வீட்டுலயே படு. உன் மூஞ்சியை இங்க காட்டாத."

"படிக்கட்டு?"

"கெடக்கட்டும்."

தம்பி படியில் இறங்கி நின்றான். ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அண்ணன் ஷட்டரை இழுத்தார். பாதியில் சிக்கியது. மௌனம் ஊசி போட்ட கையை மறந்து ஓடி வந்து, "ஐயோ" என்று கத்திக்கொண்டே சேர்ந்து இழுத்தார். ஷட்டர் தரையில் இடித்து நின்றது. தம்பி தெருவில் இறங்கி நடந்தான். அவன் முதுகுக்குப் பின்னால், அண்ணன் உள்ளேயிருந்து ஷட்டரைப் பூட்டினார்.